செலினியத்தோடு வேலை செய்யப் போகிறவளுக்கு

கண்ணு,

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதிலும் செலினியத்தைப் பார்க்கும் பிரிவு என்று உன் அப்பா சொன்னான். சந்தோஷம். கூடவே கொஞ்சம் கவலையும் வந்தது. சாயக் கழிவு என்றால் கண்ணுக்குத் தெரியும், உப்பு என்றால் நாக்குக்குத் தெரியும். இது எதற்கும் தெரியாது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்துகொண்டே ஓர் ஏரியை மலடாக்கிவிடும். நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம், தாமிரத் தாதுவை உருக்கும் ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, நிலக்கரிச் சுரங்கம் என்று கந்தகம் போகிற இடமெல்லாம் இதுவும் கூடவே போகும். 1817-ல் சுவீடனில் பெர்சீலியஸ் இதைக் கண்டெடுத்ததுகூட கந்தக அமில ஆலையின் அடிமண்டியில்தான்.

சமன்பாடுகளை உன் புத்தகங்கள் சொல்லித்தரும். நான் எழுதுவது, இந்தத் தொழில் எங்கெங்கே விழுந்து எப்படி எழுந்தது என்பதை. அந்த விழுப்புண்களின் விலையை மீன்களும் பறவைகளும் கொடுத்துவிட்டன. நீ அவற்றை இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

1. முதலில், இதை வெறுக்காதே. உன் உடம்புக்கும் என் உடம்புக்கும் செலினியம் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதும். 400-ஐத் தாண்டிக்கொண்டே போனால் கேடு. சீனாவில் கெஷான் என்ற வட்டாரத்தில் மண்ணில் இது குறைந்ததால் குழந்தைகளும் இளம்பெண்களும் இதய நோயில் மடிந்தார்கள். அதே நாட்டில் என்ஷி பகுதியில் செலினியம் மிகுந்த கரிப்பாறையிலிருந்து அது மண்ணுக்கும் பயிருக்கும் போய், 1960-களில் மக்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இவ்வளவு குறுகலான வரப்பு வேறு தனிமங்களுக்கு அபூர்வம். வரப்பில் நடக்கிறவள் வேகம் காட்டக் கூடாது. உன் வேலையில் உனக்குத் தேவைப்படும் முதல் குணம் அந்த நிதானம்.

2. "எவ்வளவு?" என்று கேட்குமுன் "எந்த வடிவில்?" என்று கேள். தண்ணீரில் செலினியம் பெரும்பாலும் செலினேட்டாகவோ செலினைட்டாகவோ இருக்கும். ஒரே ஓர் ஆக்சிஜன் அணுதான் வித்தியாசம். ஆனால் குணம் தலைகீழ். ஃபெரிக் குளோரைடு போட்டு இரும்பு ஹைட்ராக்சைடு வீழ்படிவை உண்டாக்கினால், சற்றே அமிலத் தன்மையுள்ள நீரில் செலினைட் அதில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும். செலினேட் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விடும். அனல்மின் நிலையத்தில் புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவும் கோபுரத்தில் காற்றை அழுத்தி ஊதுகிறார்கள் அல்லவா, அந்தக் காற்று செலினைட்டையும் செலினேட்டாக்கிவிடும். எண்ணெய் ஆலையின் புளிப்பு நீரிலோ (சல்பைடு கலந்த கழிவுநீரை அப்படித்தான் சொல்வார்கள்) செலினோசயனேட் என்ற மூன்றாவது முகம் ஒன்று இருக்கும். ஓர் ஆலையில் அழகாக ஓடிய இரும்பு முறையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இன்னோர் ஆலையில் வைத்து, மாதக்கணக்கில் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தில் குறையில்லை. வந்தது யார் என்று விசாரிக்காமல் கதவைத் திறந்ததுதான் குறை. மொத்தச் செலினியம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதே.

3. லேப்பில் இருக்கிறவரைச் சிநேகம் பிடித்துக்கொள். இந்த அளவில் அளப்பது தனிக் கலை. அணுக்களை நிறையால் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி ஆர்கான் வாயுவில் ஓடுகிறது. இரண்டு ஆர்கான் அணுக்கள் ஒட்டிக்கொண்டால் நிறை 80. செலினியத்தில் மிகுதியாகக் கிடைக்கும் ஐசோடோப்பின் நிறையும் 80. சரி, 82-ஐப் பார்க்கலாம் என்று போனால், புரோமைடு மிகுந்த கழிவுநீரில் புரோமினும் ஹைட்ரஜனும் சேர்ந்து அங்கேயும் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் விலக்கத் தெரிந்த கையும் கருவியும் வேண்டும். செலினியத்தை வாயுவாக்கி அளக்கும் ஹைட்ரைடு முறை செலினைட்டை மட்டுமே பார்க்கும். செலினேட்டை முன்கூட்டியே சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செலினைட்டாக மாற்றாவிட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடும். ஆகவே அறிக்கை வந்ததும் எண்ணை மட்டும் படிக்காதே. எந்த முறை, வடிகட்டிய சாம்பிளா வடிகட்டாததா, எத்தனை நாள் கழித்து ஓட்டினார்கள் என்று கேள். குறிப்பாக, உனக்குப் பிடித்த எண் வரும் நாளில் கேள். பிடிக்காத எண்ணை எல்லோரும்தான் இரண்டாம் முறை சோதிப்பார்கள்.

4. பெலூஸ் ஏரியின் கதையை மனப்பாடம் செய்துகொள். அமெரிக்காவின் வட கரோலினாவில், ஓர் அனல்மின் நிலையத்துக்குக் குளிர்நீர் தருவதற்காக வெட்டிய ஏரி அது. 1974 முதல் சாம்பல் குளத்தின் வழிநீரை அதிலேயே விட்டார்கள். ஏரித் தண்ணீரில் செலினியம் லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான். குடிநீருக்கு அந்த நாடு இன்று அனுமதிக்கும் அளவு 50. குடித்தால் மனிதருக்கு ஒன்றும் ஆகாத தண்ணீர். பெரிய மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. குஞ்சுகளைத்தான் காணோம். சில ஆண்டுகளில் ஏரியில் இருந்த 20 மீன் இனங்களில் 19 அற்றுப்போயின.

நடந்தது என்னவென்று டென்னிஸ் லெம்லி போன்ற உயிரியலாளர்கள் பிறகு பொறுமையாக அவிழ்த்துக் காட்டினார்கள். தண்ணீரிலிருந்து பாசிக்குப் போகும் அந்த ஒரு படியிலேயே செலினியம் ஆயிரக்கணக்கான மடங்கு செறிந்துவிடுகிறது. பாசியைப் பூச்சி தின்கிறது, பூச்சியைச் சிறுமீன், அதைப் பெருமீன். கடைசியில் தாய் மீன் தன் உடம்பில் சேர்ந்ததை முட்டையின் மஞ்சள் கருவில் வைத்து அனுப்புகிறது. குஞ்சு தன் முதல் உணவாக அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. முதுகெலும்பு வளைகிறது, தலை கோணுகிறது, பிழைப்பதில்லை. தாய்க்கு ஒன்றும் தெரிவதில்லை. 1980-களின் நடுவில் அந்த நீரை நிறுத்தினார்கள். அதன்பின் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் ஏரியின் அடிச்சேற்றில் இருந்த செலினியம் உணவுச் சங்கிலிக்குள் ஏறிக்கொண்டுதான் இருந்தது. குழாயை மூடுவது ஒரு நாள் வேலை. சேறு மறப்பதற்கு ஒரு தலைமுறை ஆகும். "ஆற்றில் கலந்தால் நீர்த்துப்போகும்" என்று யாராவது உன்னிடம் சொன்னால் கோபப்படாதே. இந்தக் கதையை உட்கார வைத்துச் சொல்.

5. நல்லெண்ணம் மட்டும் போதாது. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பாசன வடிநீரை ஒரு கால்வாய் வழியாகக் கெஸ்டர்சன் குளங்களுக்குக் கொண்டுபோனார்கள். கால்வாய் கழிமுகம் வரை போயிருக்க வேண்டியது, பாதியில் நின்றுபோனது. வடிநீரும் பயன்படட்டும், பறவைகளுக்கும் நீர்நிலை கிடைக்கட்டும் என்று அந்தக் குளங்களை வனவிலங்குப் புகலிடமாகவும் வைத்திருந்தார்கள். எவ்வளவு அழகான யோசனை! 1983-ல் அங்கே பறவை முட்டைகளைத் திறந்து பார்த்தவர்கள் கண் இல்லாத, கால் இல்லாத கருக்களைக் கண்டார்கள். வந்த நீரில் லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் அளவுக்குச் செலினியம் இருந்தது. அந்தப் பகுதியின் மண்ணிலேயே இருந்ததைப் பாசனம் கரைத்துக் கொண்டுவந்திருந்தது. 1986-ல் வடிநீர் வரத்தை நிறுத்தினார்கள். இது தொழிற்சாலைக் கழிவு இல்லை என்று தள்ளிவிடாதே. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாக மாறியதை நொய்யல் கரையில் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் கணக்கு நேராகும். உன் வரைபடத்தில் அம்புக்குறி முடியும் இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கும் பழக்கம் உனக்கு வேண்டும்.

6. நுண்ணுயிர்களிடம் மரியாதையாக நடந்துகொள். செலினேட்டை அடக்க இன்று பரவலாக நம்பும் வழி அவைதான். செலினேட்டை மூச்சுக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் உண்டு. தௌவேரா செலினாட்டிஸ் என்ற ஒன்றை அதே சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் வடிநீரிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். நோய் இருந்த ஊரிலேயே மருந்தும் இருந்திருக்கிறது. கரித்துகள் படுகையில் அவற்றைக் குடியமர்த்தி, மொலாசஸ் போன்ற உணவைக் கொடுத்தால், கரைந்திருக்கும் செலினேட்டைச் செலினைட்டாக்கி, பிறகு கரையாத சிவப்புத் துகளாக்கிப் போட்டுவிடும்.

ஆனால் அங்கே ஒரு பந்தி ஒழுங்கு இருக்கிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தி முடியாமல் அடுத்த பந்திக்கு இலை விழாது. இங்கே முதல் பந்தி ஆக்சிஜன், அடுத்தது நைட்ரேட், அதன் பிறகுதான் செலினியம், கடைசியில் சல்பேட். நைட்ரேட் நிறைய வந்தால் நீ போட்ட உணவை அதுவே தீர்த்துவிட்டு எழுந்துவிடும், செலினியம் பசியோடு திரும்பிப் போகும். அதற்காக உணவை அள்ளிக் கொட்டினால் கடைசிப் பந்தியும் உட்கார்ந்துவிடும். சல்பேட் சல்பைடாகி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அந்த வாயு ஆளையும் கொல்லும். நீரின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நிலையைக் காட்டும் ஓஆர்பி மீட்டரைப் பார்த்து, நைட்ரேட்டை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கக் கற்றுக்கொள். புதிய படுகையில் உயிர் பிடிக்க வாரங்கள் ஆகும். மேலதிகாரி தினமும் கேட்பார். அவர் கேட்கிறார் என்பதற்காக நுண்ணுயிர் அவசரப்படாது. அவரிடம் அதைப் பணிவாகச் சொல்லும் தைரியத்தை வளர்த்துக்கொள்.

இன்னொன்று. இந்தப் படுகையை உன்னைவிட நன்றாக அறிந்தவர் இரவு ஷிப்ட் ஆபரேட்டர். எந்த நிலக்கரி லாரி வந்த மறுநாள் தண்ணீர் மாறுகிறது, எந்த வால்வு அடிக்கடி அடைக்கிறது, வெயில் காலத்தில் தண்ணீர் எத்தனை மணிக்குச் சூடாக உள்ளே வருகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரை "அண்ணா" என்று கூப்பிட்டு, அவர் சொல்வதை உட்கார்ந்து எழுதிக்கொள். பட்டம் பெற்றவர்கள் வந்து போவார்கள். அவர் அங்கேயே இருக்கிறார்.

7. இதை மட்டும் இரண்டு தடவை படி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எல்க் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். மலைகளை உடைத்து நிலக்கரி எடுக்கிறார்கள். குவித்து வைத்த கழிவுப் பாறையில் மழையும் பனிநீரும் இறங்கும்போது செலினியம் கரைந்து ஆற்றுக்கு வருகிறது. பாறை உடைக்கும் வெடிமருந்தின் எச்சமாக நைட்ரேட்டும் கூடவே வருகிறது. அங்கே பெரும் பொருட்செலவில் ஒரு நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். மொத்தச் செலினியம் நன்றாகவே குறைந்தது. காகிதத்தில் வெற்றி. ஆனால் கீழே ஓடையில் வாழும் உயிர்களின் உடம்பில் செலினியம் ஏறியது.

காரணம் இதுதான். வெளியேறிய நீரில் மீந்திருந்த கொஞ்சம் செலினியம் பழைய செலினேட்டாக இல்லை. நுண்ணுயிர்களின் கை பட்டு, பாசி எளிதாக உறிஞ்சும் செலினைட்டாகவும் கரிமச் செலினியமாகவும் மாறியிருந்தது. அளவு குறைந்தது, ஆனால் குறைந்த அளவே கூடுதலாக உள்ளே போனது. நிலையத்தை நிறுத்தினார்கள். கடைசியில் ஓர் ஆக்சிஜனேற்றக் கட்டத்தைச் சேர்த்து, மீந்ததைத் திரும்பவும் செலினேட்டாக்கி வெளியே விடும்படி செய்த பிறகு, 2018-ல் மறுபடி ஓட்டினார்கள். நினைத்துப் பார், கண்ணு. எதை அழிக்க நிலையம் கட்டினார்களோ அந்த வடிவத்துக்கே மிச்சத்தை மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிலையத்தை, எண் நன்றாக இருக்கும்போதே நிறுத்துவதற்குப் பெரிய மனது வேண்டும். யாரோ ஒருவர் குழாயின் வாயோடு நிற்காமல் ஓடைக்குள் இறங்கி, பூச்சியையும் மீனையும் எடுத்துச் சோதித்ததால்தான் அது தெரியவந்தது. அந்த ஒருவராக நீ இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுதான்.

8. பிடித்ததை எங்கே வைத்தாய் என்று உன்னை நீயே கேள். செலினியம் ஒரு தனிமம். அதை எரித்தோ சிதைத்தோ இல்லாமல் ஆக்க முடியாது. ஆர்ஓ போட்டால் ஒரு பக்கம் தெளிந்த நீர், மறுபக்கம் அதே செலினியம் செறிந்த ரிஜெக்ட் நீர். நுண்ணுயிர் ஆக்கிய சிவப்புத் துகள் மிக மிக நுண்ணியது. நல்ல வடிகட்டி இல்லாவிட்டால் அதுவும் நழுவி வெளியே போகும். ஸ்லட்ஜைத் திறந்தவெளியில் காற்றும் மழையும் படப் போட்டு வைத்தால், துகள் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து மறுபடி கரைந்து வரும். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் காட்டும் அக்கறையை அதன் பின்கட்டுக்கும் காட்டு. விருந்தாளி பின்கட்டைப் பார்ப்பதில்லை, ஆறு பார்க்கும்.

9. சட்டம் சொல்லும் எண்ணைத் தெரிந்துகொள், அதோடு நின்றுவிடாதே. இந்தியாவில் நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். நம் குடிநீர்த் தர அளவு 10. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-ல் நீர்வாழ் உயிர்களுக்காக வகுத்த அளவுகளில் ஓடும் நீருக்கு 3.1, தேங்கிய நீருக்கு 1.5. அதற்கும் மேலாக அவர்கள் முதலிடம் கொடுத்தது மீன் முட்டைக்கு. உலர்ந்த எடையில் கிலோவுக்கு 15.1 மில்லிகிராம். தண்ணீரை அளந்துகொண்டிருந்த சட்டம் கடைசியில் முட்டைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பெலூஸ் ஏரியில் இருந்தது 10 என்று சொன்னேன். குழாயில் வரும் நீரின் வரம்பையும் ஏரி நீரின் அளவையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, நடுவில் கலப்பு இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் வற்றிய கோடையில், உன் குழாய் நீரே ஓடையாக ஓடும் நாளில், அந்தக் கலப்பு எங்கே இருக்கும்? வரம்புக்குள் இருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்.

10. உள்ளே வராததை வெளியேற்ற வேண்டியதில்லை. சாம்பலை நீரில் கரைத்து அனுப்பாமல் உலர்வாக எடுத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். செலினியம் மிகுந்த சிற்றோடையை மற்றத் தண்ணீரோடு கலக்குமுன் தனியே பிடித்தால் தொட்டியும் சிறிது, செலவும் சிறிது. சுரங்கத்தில் கழிவுப் பாறைக்குள் நீர் புகாமல் திருப்பிவிடுவதும் அப்படித்தான். இதற்கு வேறு துறைக்காரர்களிடம் போய்ப் பேச வேண்டும், சில சமயம் கெஞ்ச வேண்டும். கெஞ்சு. அதில் குறைவொன்றும் இல்லை.

11. கெட்ட செய்தியை அன்றே சொல். லாக் புத்தகத்தில் மீறிய எண்ணை மீறிய எண்ணாகவே எழுது. பென்சிலால் எழுதாதே. மறைத்த எண் சும்மா கிடக்காது, சேற்றில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

12. உன் ஆற்றில் யார் எதைத் தின்கிறார்கள் என்று தெரிந்துகொள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் செலினியம் வந்தது. 1986-ல் ஆசியாவிலிருந்து ஒரு சிறு சிப்பி கப்பல்கள் வழியே அங்கே வந்து பெருகியது. அது செலினியத்தை உள்ளே வாங்கினால் எளிதில் விடாது. அதன் பிறகு, அதே விரிகுடாவில், சிப்பியைத் தின்னும் ஸ்டர்ஜன் மீனிலும் முக்குளிக்கும் வாத்துகளிலும் செலினியம் அதிகம். நீரில் மிதக்கும் சிறு இறால் வகைகளைத் தின்று வளரும் மீன்களில் குறைவு. தண்ணீர் ஒன்றுதான், சாப்பாடு வேறு. இதை எந்தக் கருவியும் உனக்குக் காட்டாது.

அதனால் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாய் வாயிலிருந்து கீழே நடந்து போ. நீர்வாழ் உயிரியல் படித்தவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போ. வலை வீசுகிறவரிடம் எந்த மீன் எந்த மாதத்தில் சினை பிடிக்கிறது, குஞ்சுகள் எந்தக் கரை ஓரத்தில் கூடும், முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன் எது என்று கேள். கல்லைப் புரட்டிப் பூச்சிகளையும், சேற்றில் சிப்பிகளையும் பார்த்து வை. அவற்றிலும் பாசியிலும் அடிச்சேற்றிலும் இப்போதே சாம்பிள் எடுத்து அளந்து வைத்துக்கொண்டால்தான் ஐந்து வருடம் கழித்து எதோடு ஒப்பிடுவது என்று தெரியும். சினைப் பருவத்துக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை என்று அட்டவணை போட்டு, அதற்கான பணத்தை அடுத்த வருட பட்ஜெட்டில் இப்போதே எழுதிக் கேள். முதல் தடவை இல்லை என்பார்கள். இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மறுபடி போய்க் கேள்.